ஏழுமலையின் மூக்கும் பன்னிரண்டு இருமல் பாட்டில்களும்

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பையிலிருந்த பன்னிரண்டு சின்ன பாட்டில்களையும் மேசைமேல் வரிசையாக நிற்க வைத்தார். எல்லாம் இருமல் மருந்து பாட்டில்கள். உள்ளே இருந்தது கருஞ்சிவப்பாக, கெட்டியான மருந்துபோலவே இருந்தது.

“எவ்ளோ நாளா இருமல்?” என்றார்.

“இருமல் இல்லைங்க. ஒயின்.”

அவர் ஒன்றைத் திறந்து முகர்ந்து பார்த்தார். இத்தனை சிக்கனமாக மது கொண்டுவந்த ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மூடியைத் திருகிக் கொடுத்து, “போங்க” என்றார்.

சிங்கப்பூரில் ஒரு கடலுணவு உணவகத்தில் பரிமாறுகிறவன் நான். பதினான்கு வருடமாக மிளகு நண்டுத் தட்டு தூக்குகிறேன். எங்கள் முதலாளியம்மா சீனப் பெண்மணி. ஒருநாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. மிளகு நண்டோடு மிளகு வாசனை அடிக்கிற சிவப்பு ஒயினைக் கொடுத்தால் என்ன? அப்படி ஒயின்கள் இருக்கின்றன. மிளகு போட்டுச் செய்வதில்லை. திராட்சைத் தோலிலேயே அந்த வாசனை உண்டு என்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஷிராஸ் ஒயினில் இருக்கிறதாம். பிரான்சில் ரோன் ஆற்றங்கரையில் விளைவதில் இன்னும் தூக்கலாம். ஆஸ்திரியாவில்கூட ஒன்று உண்டாம். எல்லாம் ‘ஆம்’தான், ஏனென்றால் என் மூக்குக்கு அது எட்டவே எட்டாது. எனக்கு எல்லா சிவப்பு ஒயினும் சிவப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

எட்டியது ஏழுமலையின் மூக்குக்கு. மரக்காணத்திலிருந்து வந்து எங்கள் சமையலறையில் வேலை பார்த்தவர். ஒருநாள் கடை மூடும் நேரத்தில் நான் ஒரு பாட்டிலோடு போராடிக்கொண்டிருந்தபோது கிளாஸை வாங்கி மூக்கருகே பிடித்து, “அண்ணா, பெப்பர் அடிக்குது” என்றார். பாட்டிலின் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் அதே வார்த்தை இருந்தது. ஏழுமலைக்கு ஆங்கிலம் படிக்க வராது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்றிலிருந்து தினமும் ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தேன், அவர் சொன்னார், நான் எழுதினேன். பன்னிரண்டு ஒயின்கள் கொண்ட பட்டியல் தயாரானது. முதலாளியம்மா என்னை “நல்ல மூக்கு” என்று பாராட்டினார். நான் மறுக்கவில்லை.

2005 கடைசியில் ஏழுமலை வேலை பெர்மிட் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். ஆறு மாதம் கழித்து முதலாளியம்மா ஒரு விருந்து அறிவித்தார். ஒயின் இறக்குமதி செய்கிறவர் வருகிறார். பன்னிரண்டு ஒயின்களையும் மிளகு குறைந்ததிலிருந்து கூடியதுவரை வரிசைப்படுத்தி நான் அவர் முன்னால் நின்று விளக்க வேண்டும். விளக்கினால் நான் ஒயின் கேப்டன். கறுப்புக் கோட்டு, மார்பில் குத்திக்கொள்ள வெள்ளி திராட்சைக் கொத்து. இல்லாவிட்டால் கடைசிவரைக்கும் நண்டுத் தட்டு. அத்தை மகள் கல்யாணம் என்று ஐந்து நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். எனக்கு அத்தையே கிடையாது.

ஏழுமலையைத் தேடிச் சென்னையில் நான் ஏறிய பேருந்து மரக்காணத்தில் நிற்காது என்பதை நடத்துநர் மரக்காணம் தாண்டிய பிறகுதான் சொன்னார்.

“முன்னாலேயே சொல்லக்கூடாதா?”

“நீங்க கேக்கலியே சார்.”

பெரிய முதலியார்சாவடியில் இறக்கிவிட்டார். எங்கள் சிங்கப்பூரில் பொத்தானை அழுத்தினால் பேருந்து நிற்கும். இங்கே நடத்துநரோடு நல்லுறவு வேண்டும். டீக்கடையில் இரண்டு போண்டா சாப்பிட்டேன். எங்கள் ஊர் விலையில் பத்தில் ஒரு பங்கு, கனம் பத்து மடங்கு. பிறகு வடக்கே போகிற டவுன் பஸ் ஒன்றில் ஏறினேன்.

வழியில் ஒரு காவலர் ஏறி ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்தார். பாண்டியிலிருந்து யாரும் பாட்டில் கடத்துகிறார்களா என்று சோதனை. நான் கொண்டுவந்தது சட்டப்படி சரிதான், ஆனால் அதை அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் விருந்தே முடிந்துவிடும். அவர் என் பையைத் திறந்தபோது பக்கத்தில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா முந்திக்கொண்டார்.

“பாவம் சார், இருமல்காரரு. பாட்டில் பாட்டிலா வாங்கிக்கினு போறாரு பாருங்க.”

எனக்கு வேறு வழி இல்லை. இருமினேன். காவலர் பையை மூடிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.

“இங்கிலீஸ் மருந்துல கேக்காதுப்பா” என்றார் அந்த அம்மா. “மிளகத் தட்டி தேன்ல கொழச்சு நாக்குல வச்சுக்க. மிளகுதான் மருந்து. வேற எதுலயும் இல்ல.”

நான் தேடி வந்ததும் அதைத்தான் என்று சொல்ல முடியவில்லை. அவர் அடிக்கடி அக்கறையோடு திரும்பிப் பார்த்ததால் மரக்காணம்வரை விட்டு விட்டு இருமிக்கொண்டே வந்தேன். இறங்கும்போது தொண்டை நிஜமாகவே புண்ணாகியிருந்தது.

போனில் சொல்லியிருந்தபடி ஏழுமலை மொபெட்டில் வந்து நின்றார். பாதி ஆளாகியிருந்தார். வெயிலில் கறுத்து, கண்கள் மட்டும் தெளிவாக இருந்தன. இரண்டு பக்கமும் உப்பளம். பெண்கள் கூடையில் உப்பு அள்ளிக்கொண்டு வரப்பில் வரிசையாகப் போனார்கள். மே மாத வெயில் கீழிருந்தும் அடிக்கும் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். கண்ணை இடுக்கிக்கொண்டு பையைத் தட்டிக் காட்டினேன்.

“உள்ள என்னண்ணா?”

“நம்ம பன்னிரண்டு ஒயினும். சாம்பிள்.”

அவர் ஒரு அடி பின்னால் போனார். பிறகு வலது கையை நீட்டினார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

“கயிறு கட்டியிருக்கேண்ணா. ஒரு வருஷத்துக்கு. இன்னும் ஏழு மாசம் இருக்குது.”

குடியை விட நினைக்கிறவர்கள் தலைக்குக் குளித்துக் கோயிலுக்குப் போய், அம்மன் முன்னால் இத்தனை நாள் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தால் பூசாரி கையில் கயிறு கட்டிவிடுவார். கெடு முடியும்வரை கயிறு இருக்க வேண்டும். இடையில் குடித்தால் என்ன ஆகும் என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், எந்தக் கதையிலும் ஆள் பிழைப்பதில்லை.

“குடிக்கவே வேண்டாம்பா. மோந்து பார்த்தால் போதும்” என்றேன்.

ஏழுமலை வண்டியைக் கிளப்பினார்.

அவர் மனைவி அஞ்சலை நண்டுக் குழம்பு வைத்திருந்தார். பக்கத்துக் கழுவெளிச் சதுப்பில் பிடித்த நண்டு, புளியும் மிளகாயுமாக. சிங்கப்பூரில் இதே நண்டுக்கு ஒரு குடும்பமே யோசித்துத்தான் ஆர்டர் கொடுக்கும். “சாப்பிடுங்கண்ணா” என்ற ஒரு வார்த்தைக்கு மேல் அஞ்சலை என்னோடு பேசவில்லை. கொஞ்சம் மிளகு தூவினால் எங்கள் கடை நண்டு மாதிரியே இருக்கும் என்று புகழ்வதற்காகச் சொன்னேன்.

“மிளகு வாங்கறதில்ல” என்றார் அஞ்சலை. “இவருக்கு அந்த வாடையே புடிக்கல, ஊருக்கு வந்ததுலேர்ந்து.”

பாட்டில்களை வாங்கி, தண்ணீர்ப் பானை வைத்திருந்த ஈர மணலில் கழுத்துவரை புதைத்து வைத்தார். வெயிலுக்குக் கெட்டுப்போகாமல் இருக்கத்தான். இருந்தாலும் அதைப் பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது.

மறுநாள் காலை டீக்கடையில் விஷயம் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. மோந்து பார்த்தால் கயிறு கெடுமா கெடாதா என்பதில் கடை இரண்டாகப் பிரிந்து நின்றது.

“மோந்தா பாதி குடிச்ச மாதிரிடா.”

“அப்பிடிப் பாத்தா பிராந்திக் கடை வாசல்ல நடந்து போறவன் எல்லாம் பாதிக் குடிகாரனா?”

“அவன் காத்துல வர்றத மோக்குறான். இவன் கையில எடுத்து மோக்குறான். வித்தியாசம் இருக்குது இல்ல?”

எங்கள் ஊரில் இப்படி ஒரு கேள்விக்கு அரசாங்கமே ஒரு அறிவிப்புப் பலகை வைத்திருக்கும். இங்கே கயிறு கட்டிய பூசாரியையே கேட்டுவிடுவது என்று முடிவானது. முடிவு செய்தது டீக்கடை. ஏழுமலை தலையை மட்டும் ஆட்டினார். அஞ்சலை அன்று வேலைக்குப் போகாமல் எங்களோடு கிளம்பினார்.

கோயில் பிரம்மதேசம் போகிற வழியில், வயலுக்கு நடுவே இருந்தது. ஷேர் ஆட்டோவில் ஒன்பது பேர். என் மடியில் யாருடையதோ ஒரு பூசணிக்காய். பூசாரி பம்ப்செட்டில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து, முழுதும் கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“குடிக்க வேணாம். மோந்தா போதும். அதானே?”

“ஆமாங்க. எங்கள் தொழிலில் வாயில் வைத்தால்கூடத் துப்பிவிடுவார்கள்.”

“காசு குடுத்து வாங்கியா?”

“ஆமாங்க.”

“வாங்கிட்டுத் துப்புவாங்களா?”

“ஆமாங்க.”

பூசாரி ஈர வேட்டியின் நுனியைப் பிழிந்தார். பிறகு ஏழுமலை பக்கம் திரும்பினார். “ஏம்பா, அன்னிக்கே கேக்கணும்னு இருந்தேன். உங்கப்பன் தொட்டதில்ல, உன் அண்ணன் தொட்டதில்ல. உன்ன யாரு பழக்கி வுட்டது?”

“அங்க ஒரு சிநேகிதரு” என்றார் ஏழுமலை. என் பக்கம் பார்க்கவில்லை. அஞ்சலை பார்த்தார்.

பெர்மிட் முடிந்தது என்று மேலே எழுதினேன். அது முழுசாக உண்மை இல்லை. ஒருநாள் காலை சாமான் அறையில் ஏழுமலை போதையில் விழுந்து கிடந்ததை முதலாளியம்மா பார்த்தார். அதனால்தான் பெர்மிட்டைப் புதுப்பிக்கவில்லை. அன்று நான் மேசை துடைத்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து துடைத்தேன். தினமும் ஒரு கிளாஸ் என்று ஆரம்பித்தது எப்போது அரை பாட்டிலானது, எப்போது நான் ஊற்றாமலே அவர் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது என்று வெகுநாளாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியும்.

பூசாரி தன் பொறுப்பில் முடிவு சொல்ல விரும்பவில்லை. அம்மனிடமே பூக்கட்டிப் பார்க்கலாம் என்றார். ஒரு இலைப் பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் குலுக்கி அம்மன் காலடியில் போடுவார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் கூடாது.

“நீயே எடும்மா” என்றார் அஞ்சலையிடம்.

அஞ்சலை கண்ணை மூடி ரொம்ப நேரம் நின்றார். எதற்காக வேண்டிக்கொண்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் எதிர்ப்பக்கம் வேண்டிக்கொண்டேன். பொட்டலத்தைப் பிரித்தார். சிவப்பு ஒயினுக்கு வெள்ளைப் பூ அனுமதி கொடுத்துவிட்டது. அஞ்சலை அந்தப் பூவைத் தலையில் வைக்காமல் முந்தானையில் முடிந்துகொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு இல்லை.

மூன்றாம் நாள் காலை, ஏழுமலை இப்போது வேலை பார்க்கும் உப்பளத்து ஓலைக் கொட்டகையில் பலகை போட்டுப் பன்னிரண்டு பாட்டில்களையும் எண் வரிசையில் நிறுத்தினேன். நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். ஏழுமலை கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உப்புத் தண்ணீரில் விரல்களெல்லாம் வெளுத்து வெடித்திருந்தன. அஞ்சலை எதிரே, கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

ஒன்றாம் எண். மோந்தார். “நாவப்பழம்.”

“மிளகு?”

“இல்லண்ணா.”

இரண்டு. “பழைய செருப்பு.” மூன்று. “வெல்லப்பாகு தீஞ்ச மாதிரி.” நான்கு. “இதுவும் நாவப்பழந்தான்.”

“மிளகு ஏழுமலை, மிளகு! இந்த நாலாம் நம்பரில் நல்ல காட்டமான மிளகு என்று நீதானே சொன்னாய்? அப்படியே மெனுவில் அச்சடித்திருக்கிறோம்.”

ஐந்திலும் இல்லை. ஆறிலும் இல்லை. ஏழாவது பாட்டிலை எடுத்தவர் மற்றவற்றைவிட அதிக நேரம் வைத்திருந்தார். கண் மூடியிருந்தது. பாட்டில் மூக்கிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கியது. விளிம்பு மேலுதட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியதைப் பார்த்தேன். தடுக்க வேண்டியவன் நான். என் கையில் பேனா இருந்தது.

“கயிறு” என்றார் அஞ்சலை. சத்தமாகச் சொல்லவில்லை.

ஏழுமலை கண்ணைத் திறந்தார். பாட்டிலைப் பலகையில் வைத்துவிட்டுத் தன் விரல்களை முகர்ந்து பார்த்தார். பிறகு அவற்றை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“உப்புதான அடிக்குது? அங்க தெனம் பத்துக் கிலோ மிளகு இடிப்பேண்ணா, நண்டுக்கு. எத்தன தடவ கழுவினாலும் போவாது. கிளாஸ அந்தக் கையாலதான புடிச்சேன்.”

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. ஒரு வருடமாக நான் எழுதியது ஒயினின் வாசனை இல்லை. ஏழுமலையின் கை வாசனை. அதை ஆங்கிலத்தில், தங்க எழுத்தில் அச்சடித்திருக்கிறோம். வந்தவர்களும் மிளகு நண்டைக் கடித்துக்கொண்டே ஒயினைக் குடித்துவிட்டு, ஆமாம், மிளகு, என்று தலையாட்டியிருக்கிறார்கள்.

“உனக்கு எப்போ தெரியும்?”

“மொத மாசம் தெரியாதுண்ணா. நெஜமாத்தான் சொன்னேன். அப்புறம் ஒரு லீவு நாள் நீங்க ஊத்திக் குடுத்தீங்க. அன்னிக்கு மிளகு இடிக்கல. அப்பவே தெரிஞ்சிடுச்சு.”

“ஏன் சொல்லவில்லை?”

அவர் வரப்பைப் பார்த்தார். “சொல்லிட்டா நீங்க ஊத்த மாட்டீங்களே.”

அஞ்சலை எழுந்து வந்து அந்த ஏழாவது பாட்டிலை எடுத்தார். வீசத்தான் போகிறார் என்று நினைத்தேன். தன் வீட்டுக்குள் வந்த சங்கதி எப்படித்தான் இருக்கும் என்று பார்க்கிறவர்போல மூக்குக்குக் கொண்டுபோனார். முகம் சுளித்தது. மறுபடி மோந்தார். எட்டு, ஒன்பது என்று தொடங்கி மீதிப் பதினொன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு ஏழுக்கே திரும்பி வந்தார்.

“இதுல மட்டுந்தான் மிளகு வாடை அடிக்குது. பச்ச மிளகு. மத்ததெல்லாம் வெறும் சாராயம்.” பாட்டிலை என் கையில் திணித்தார். “தேடி வந்தது கெடச்சுடுச்சு இல்ல? எடுத்துக்கினு போங்கண்ணா.”

பதினோரு பாட்டில்களையும் கொட்டகைக்குப் பின்னால் மணலில் கவிழ்த்தோம். உப்பளத்துப் பாத்தியில் ஒரு சொட்டும் விழாமல் ஏழுமலையே தள்ளி நின்று கொட்டினார். முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு கொட்டினார். மத்தியானம் திண்டிவனம் பஸ்ஸில் ஏற்றிவிட்டபோது ஒரு பை உப்பு கொடுத்தார். பெருமுக்கல் மலை ஜன்னலில் வந்து போகும்வரை அவரிடம் மன்னிப்புக் கேட்க என்ன வார்த்தை சரியாக இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ‘மன்னிச்சிடு’ என்றே கேட்டிருக்கலாம்.

விருந்தில் ஏழாம் எண்ணை மட்டும் பரிமாறினேன். மற்ற பதினொன்று எங்கே என்று முதலாளியம்மா காதருகே வந்து கேட்டார். சாப்பாட்டுக்கு முன்பே, நண்டு வாசனை எட்டாத தூரத்தில் கொடுத்துப் பாருங்கள், இது ஒன்றுதான் தேறும் என்றேன். இறக்குமதியாளர் மோந்தார், குடித்தார், அவர்கள் வழக்கப்படி துப்பினார். “மிளகு” என்றார். “காயாத, பச்சை மிளகு. இவ்வளவு சரியாகப் பொறுக்கிய மூக்கு யாருடையது?”

முதலாளியம்மா என்னைக் காட்டினார். இப்போதும் நான் மறுக்கவில்லை. அடுத்த வாரம் கறுப்புக் கோட்டு வந்தது. வெள்ளி திராட்சைக் கொத்து நல்ல கனம். அதைக் குத்தும்போதெல்லாம் கவிழ்த்துப் போட்ட அந்தக் கூடையும் அதன்மேல் உட்கார்ந்திருந்த பெண்ணும் நினைவுக்கு வருவார்கள். அவமானமாகத்தான் இருக்கிறது. குத்திக்கொள்கிறேன்.

டிசம்பரில் முதலாளியம்மா அடுத்த வருடப் பட்டியல் கேட்டார். இருபது புது ஒயின்கள். நான் இருபது இருமல் பாட்டில்களைக் கழுவி ஜன்னலோரம் காயவைத்துவிட்டு மரக்காணத்துக்குப் போன் செய்தேன். அஞ்சலை மோந்தால் போதும், ஏழுமலை பக்கத்தில்கூட வர வேண்டாம் என்று பேசவேண்டியதையெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். முதலில் நலம் விசாரித்தேன். கெடு முடிந்திருக்குமே, கயிறு அவிழ்த்தாயிற்றா என்றேன்.

“போன செவ்வாக்கெழம அவுத்தேண்ணா” என்றார் ஏழுமலை. “அங்கியே நின்னு இன்னொரு வருஷத்துக்குக் கட்டிக்கினேன்.”

“எதுக்குப்பா? இப்போதான் நல்லா இருக்கியே.”

“நல்லாத்தாண்ணா இருக்கேன்” என்றார். “அஞ்சலதான் கட்டிக்கச் சொல்லிச்சு. அந்த அண்ணன் மறுபடியும் வருவாருன்னு.”